பிரவுன்ஸ் ரசிகர்களின் கோபம்: தவறு ஆளைத் தேர்ந்தெடுப்பதிலா, தேர்ந்தெடுப்பவரை மாற்றிக்கொண்டே இருப்பதிலா?

அமெரிக்க ஃபுட்பால் அணியான கிளீவ்லாந்து பிரவுன்ஸ், ஊரைவிட்டுப் போன பழைய அணிக்குப் பதிலாக 1999-ல் மறுபிறவி எடுத்ததிலிருந்து 2025 சீசன் வரை 40-க்கும் மேற்பட்ட குவாட்டர்பேக்குகளை ஆட்டத் தொடக்கத்தில் இறக்கிப் பார்த்துவிட்டது. ஒவ்வொரு நகர்விலும் பந்தைக் கையில் வாங்கி, எறிவதா கொடுப்பதா என்று முடிவெடுப்பவர்தான் குவாட்டர்பேக். அமெரிக்க ஃபுட்பாலில் அவர் சரியில்லை என்றால் மற்ற 21 பேர் என்ன ஆடினாலும் கரைசேர்வது கடினம். முன்னாள் குவாட்டர்பேக் ஒருவரின் ஜெர்சியில், அவருக்குப் பின் வந்தவர்களின் பெயர்களை நாடாவில் எழுதி வரிசையாக ஒட்டிக்கொண்டே போன படம் அந்த ஊரில் பிரபலம். ஒரு கட்டத்தில் முதுகில் இடம் போதவில்லை.

"எங்கள் நிர்வாகத்துக்கு டிராஃப்ட்டில் ஆள் பார்க்கத் தெரியாது" என்பது ரசிகர்கள் வழக்கமாகச் சொல்லும் குற்றச்சாட்டு. அதில் பாதிதான் உண்மை. ஆள் பார்ப்பதில் எல்லா அணிகளும் சறுக்குகின்றன. பிரவுன்ஸின் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது: தேர்ந்தெடுத்த ஆள் தேறுவதற்கு முன்பே தேர்ந்தெடுத்தவரின் வேலை போய்விடும்.

முதலில் டிராஃப்ட் என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடலாம். அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.-இல் 32 அணிகள். கல்லூரி வீரர்களை அவை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட்: ஒவ்வோர் ஏப்ரலிலும் மூன்று நாள், ஏழு சுற்று. ஐ.பி.எல். ஏலம் பார்த்துப் பழகியவர்கள் இதையும் ஏலமென்று நினைத்துவிட வேண்டாம். இங்கே யாரும் விலை கேட்பதில்லை. போன சீசனில் கடைசி இடம் பிடித்த அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்கு 32-ஆவது வாய்ப்பு. கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் இளைஞர் தனக்குப் பிடித்த அணியைக் கேட்க முடியாது. எந்த அணி பெயரைக் கூப்பிடுகிறதோ அந்த அணிதான். 2011 முதல் புதுமுகங்களின் சம்பளமும் தேர்வு வரிசைப்படி ஏறத்தாழ முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டுவிட்டது: நான்கு ஆண்டு ஒப்பந்தம், முதல் சுற்றுக்காரர் என்றால் அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டும் உண்டு. இந்த விதி வருவதற்கு முந்தைய ஆண்டு, 2010-ல் முதல் தேர்வான சாம் பிராட்ஃபோர்டு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். 2011-ன் முதல் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். அன்றிலிருந்து டிராஃப்ட் தேர்வு என்பது நான்கைந்து ஆண்டுக்கு மலிவு விலையில் கிடைக்கும் உழைப்பு. அணியின் உண்மையான முதலீடு அதுதான்.

இந்தத் தேர்வுகளை அணிகள் ஒன்றுக்கொன்று விற்கலாம், வாங்கலாம். இன்னும் வராத ஆண்டுகளின் தேர்வுகளையும் சேர்த்தே. இதற்கு 1990-களின் தொடக்கத்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் ஒரு புள்ளி அட்டவணை போட்டது: முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதுக்கு 2,600, 32-ஆவதுக்கு 590. அது லீக் முழுக்கப் பரவியது. கேட் மாஸி, ரிச்சர்டு தேலர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் பிறகு கணக்குப் போட்டு, அணிகள் உச்சியிலுள்ள தேர்வுகளுக்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்று காட்டினார்கள். ஒரே ஆட்டப் பொறுப்புக்கு அடுத்தடுத்துத் தேர்வான இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் உண்மையிலேயே மேலானவராக அமைவது 100-க்கு 52, 53 முறைதான் என்பது அவர்கள் கண்டது. நாணயத்தைச் சுண்டிவிட்டாலும் கிட்டத்தட்ட அதே பலன். ஆகவே மேலே ஏறுவதற்காகக் கூடுதல் தேர்வுகளைக் கொடுப்பது பெரும்பாலும் நஷ்ட வியாபாரம். கீழே இறங்கி எண்ணிக்கையைப் பெருக்கிக்கொள்வதே அறிவுடைமை.

பிரவுன்ஸ் அந்த அறிவான காரியத்தைச் செய்யாமலில்லை. செய்தது. பலன் என்ன ஆயிற்று என்று பார்க்க ஒரே ஒரு தேர்வைப் பின்தொடர்ந்தால் போதும்.

2011-ல் பிரவுன்ஸுக்கு 6-ஆவது தேர்வு. அட்லாண்டா ஃபால்கன்ஸ் அதைக் கேட்டது. பதிலுக்கு 27, 59, 124 ஆகிய மூன்று தேர்வுகளும், மறு ஆண்டின் முதல் சுற்று, நான்காம் சுற்றுத் தேர்வுகளும் வந்தன. ஒன்றுக்கு ஐந்து, தாளில் பார்த்தால் அருமையான பேரம். அட்லாண்டா அந்த 6-ஆவது தேர்வில் ஜூலியோ ஜோன்ஸை எடுத்தது. அவர் லீக்கின் நட்சத்திர வீரர்களுக்கான ப்ரோ பௌலுக்கு ஏழு முறை தேர்வானார், 13,000 கஜத்துக்கு மேல் பந்தைப் பிடித்தார். கிளீவ்லாந்தோ கையில் வந்த 27-உடன் தன்னுடைய 70-ஆவது தேர்வையும் சேர்த்துக் கொடுத்து 21-க்கு ஏறி, ஃபில் டெய்லர் என்ற தடுப்பாட்டக்காரரை எடுத்தது. 59-ல் கிரெக் லிட்டில், 124-ல் ஓவன் மாரெசிக். மறு ஆண்டு வந்த முதல் சுற்றுத் தேர்வு 22-ஆவதாக அமைந்தது. அதில் எடுக்கப்பட்டவர் குவாட்டர்பேக் பிராண்டன் வீடன். பேஸ்பால் ஆடிவிட்டுக் கல்லூரி ஃபுட்பாலுக்குத் திரும்பியவர், வயது 28. நான்கு ஆண்டு மலிவு ஒப்பந்தம் முடியும்போது 32 ஆகிவிடும் ஒருவரை முதல் சுற்றில் எடுப்பதன் தர்க்கம் இன்றும் யாருக்கும் பிடிபடவில்லை. (அவருடைய முதல் ஆட்டத்துக்குமுன் மைதானத்தில் விரித்த ராட்சதக் கொடிக்கு அடியில் மாட்டிக்கொண்டு தவித்துதான் வெளியே வந்தார். அன்று எதிரணிக்குப் போன எறிதல்கள் நான்கு. சகுனம் பார்ப்பவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.) அதே டிராஃப்ட்டில், பின்னாளில் நட்சத்திரமான குவாட்டர்பேக் ரஸ்ஸல் வில்சன் 75-ஆவதாகப் போனார்.

மீதமிருந்த நான்காம் சுற்றுத் தேர்வு 118-ஆவது. அந்த 2012-ல் பிரவுன்ஸுக்குச் சொந்தமாக 4-ஆவது தேர்வு இருந்தது. டிரெண்ட் ரிச்சர்ட்சன் என்ற ஓட்டக்காரரை வேறு யாரும் முந்தி எடுத்துவிடக் கூடாதென்று, 118-உடன் 139, 211 ஆகியவற்றையும் மினசோட்டாவுக்குக் கொடுத்து 4-லிருந்து 3-க்கு ஏறினார்கள். ஒரே ஒரு படிக்கு மூன்று தேர்வு. பந்தைத் தூக்கிக்கொண்டு மோதி மோதி ஓடுபவரின் உடம்பு சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிடும் என்பதால், அந்தப் பொறுப்புக்கு இவ்வளவு உயர்ந்த தேர்வைச் செலவழிப்பதே அப்போது கேள்விக்குள்ளாகியிருந்தது. 2013 செப்டம்பரில் ரிச்சர்ட்சனை இந்தியானாபொலிஸுக்கு விற்று ஒரு முதல் சுற்றுத் தேர்வை வாங்கினார்கள். அங்கும் அவர் தேறவில்லை. விற்பனையாகப் பார்த்தால் அது நல்ல விற்பனை. ஆனால் வாங்கிய அந்த 26-ஆவது தேர்வுடன் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் சேர்த்துக் கொடுத்து 2014-ல் 22-க்கு ஏறி எடுத்தது குவாட்டர்பேக் ஜானி மான்செலை. எட்டு ஆட்டத்தில் தொடங்கினார், இரண்டில் அணி வென்றது, 2016 மார்ச்சில் வெளியே அனுப்பப்பட்டார். அத்தோடு ஜூலியோ ஜோன்ஸுக்கு ஈடாக வந்த ஐந்து தேர்வுகளின் வம்சத்தில் கிளீவ்லாந்தில் ஒருவர்கூட மிச்சமில்லை.

இதை ஐந்து தனித்தனித் தவறுகளாகப் பார்ப்பது எளிது. ஆனால் யார் யார் எந்தக் கட்டத்தில் நாற்காலியில் இருந்தார்கள் என்று பாருங்கள். 2011, 2012 தேர்வுகளைச் செய்தவர் பொது மேலாளர் டாம் ஹெக்கர்ட். 2012 ஆகஸ்டில் ஜிம்மி ஹாஸ்லம் அணியை வாங்க ஒப்பந்தம் செய்தார். ஆண்டு முடிவதற்குள் ஹெக்கர்ட்டும் பயிற்சியாளர் பாட் ஷர்மரும் வெளியே. வீடனும் ரிச்சர்ட்சனும் எட்டே மாதத்தில் அநாதைகள். ரிச்சர்ட்சனை விற்றது புதிய நிர்வாகிகளான ஜோ பேனரும் மைக் லொம்பார்டியும். அவர்கள் வைத்த பயிற்சியாளர் ராப் சட்ஜின்ஸ்கி ஒரே சீசனில் நீக்கப்பட்டார். சில வாரத்தில் அவர்களும் போனார்கள். மான்செலை எடுக்கும்போது நாற்காலியில் ரே ஃபார்மர். அவர் 2014 ஆட்டங்களின்போது மைதான ஓரத்துக்குக் குறுஞ்செய்தி அனுப்பியதற்காக லீக் அவரை நான்கு ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தது, அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. 2015 சீசன் முடிந்ததும் அவரும் பயிற்சியாளர் மைக் பெட்டீனும் ஒரே நாளில் காலி.

ஆள் மாறினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ஃபில் டெய்லரையே எடுத்துக்கொள்வோம். 2011-ல் அவர் வந்தபோது அணியின் தடுப்பு அமைப்பு நான்கு-மூன்று: முன்வரிசையில் நால்வர், அவர்களுக்குப் பின்னால் மூவர். அதில் உள்வரிசைக்காரரின் வேலை ஒரே இடைவெளியைப் பார்த்துப் பாய்ந்து உள்ளே புகுவது. 2013-ல் வந்த புதிய குழு மூன்று-நான்குக்கு மாற்றியது. அதில் நடுவில் நிற்பவர் பாயக் கூடாது. எதிரணியின் இருவரைத் தன் உடம்பால் தாங்கிக்கொண்டு நகராமல் நிற்க வேண்டும், பின்னால் உள்ளவர்கள் பாய்வார்கள். ஒரே மனிதர், ஆனால் இரண்டு வேறு தொழில்கள். 2015-ல் மூன்று-நான்குக்கென்றே 12-ஆவது தேர்வில் எடுக்கப்பட்ட டேனி ஷெல்டனுக்கு இதே கதை தலைகீழாக நடந்தது: 2017-ல் அணி மறுபடி நான்கு-மூன்றுக்குப் போனது, 2018-ல் அவரை நியூ இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். தாக்குதல் பக்கம் இன்னும் மோசம். ஒவ்வொரு புதுப் பயிற்சியாளரும் ஆட்டத் திட்டங்களுக்கான புதுச் சொல்லகராதியோடு வருவார். இளம் குவாட்டர்பேக் ஆட்டத்தைக் கற்பதற்குப் பதில் அதை மனப்பாடம் செய்துகொண்டிருப்பார்.

இதே பிரிவில் ஆண்டுக்கு இரு முறை மோதும் அண்டை அணிகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உறைக்கும். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் 1969 முதல் 2025 சீசன் வரை வைத்திருந்த தலைமைப் பயிற்சியாளர்கள் மூன்றே பேர். பால்டிமோர் ரேவன்ஸ் 1996-ல் தொடங்கியதிலிருந்து 2025 சீசன் வரை அங்கும் மூன்றே பேர். கிளீவ்லாந்துக்காரருக்கு ரேவன்ஸ் பெயரே எரியும். பழைய பிரவுன்ஸை உரிமையாளர் ஆர்ட் மோடல் 1995 சீசனுக்குப்பின் பால்டிமோருக்குத் தூக்கிக்கொண்டு போய்ப் பெயர் மாற்றிய அணிதான் அது. போன கையோடு 1996 டிராஃப்ட்டில் 4-ஆவதாக ஜொனதன் ஆக்டன், 26-ஆவதாக ரே லூயிஸ். இருவரும் பின்னாளில் ஃபுட்பாலின் மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் போனார்கள். எடுத்தவர் பழைய பிரவுன்ஸ் நட்சத்திரம் ஆஸி நியூசம். 2018 சீசன் வரை அங்கே ஆள் தேர்வு அவர் கையில்தான் இருந்தது.

கிளீவ்லாந்தில் 2016-ல் ஒரு வித்தியாசமான பரிசோதனை தொடங்கியது. வழக்கறிஞரான சாஷி பிரவுன் ஆள் தேர்வுத் தலைவர். பேஸ்பால் புள்ளிவிவரப் புரட்சியோடு பெயர் சேர்ந்த பால் டிபோடெஸ்டா தலைமை உத்தி அதிகாரி. கீழே இறங்கு, தேர்வுகளைக் குவி, இரண்டு ஆண்டு தோற்றாலும் பரவாயில்லை என்பது திட்டம். 2-ஆவது தேர்வை ஃபிலடெல்ஃபியாவுக்கு விற்றார்கள். அவர்கள் குவாட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுத்தார்கள். அந்த ஆண்டு மட்டும் பிரவுன்ஸ் 14 பேரை எடுத்தது. 2017-ல் 12-ஆவது தேர்வை ஹூஸ்டனுக்கு விற்றார்கள்; அங்கே போனவர் குவாட்டர்பேக் டெஷான் வாட்சன். ஹூஸ்டன் தலைமுழுக நினைத்த குவாட்டர்பேக் பிராக் ஆஸ்வைலரின் 1.6 கோடி டாலர் சம்பளத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு, கூலியாக ஓர் இரண்டாம் சுற்றுத் தேர்வையும் வாங்கினார்கள். அந்த லீக்கில் அதற்குமுன் யாரும் யோசிக்காத கணக்கு.

களத்தில் கிடைத்தது 2016-ல் ஒரு வெற்றி, பதினைந்து தோல்வி. 2017-ல் பதினாறும் தோல்வி. இடையில் 2017 அக்டோபர் 31 அன்று சின்சினாட்டியின் குவாட்டர்பேக் ஏ.ஜே. மக்கேரனை வாங்கப் பேசி முடித்தும், மாலை 4 மணிக் கெடுவுக்குள் பிரவுன்ஸின் ஒப்புதல் லீக் அலுவலகத்துக்குப் போய்ச் சேராததால் பேரம் செல்லாமல் போனது. (இரண்டு நல்ல தேர்வுகள் தப்பின. மக்கேரன் பின்னாளில் எங்கும் நிலையான தொடக்க ஆட்டக்காரராகவில்லை. அலுவலகக் குளறுபடியே அணியைக் காப்பாற்றிய அபூர்வ சம்பவம்.) 2018 ஜனவரி 6 அன்று உறைபனிக் குளிரில் ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றிப் பூஜ்ய வடிவில் ஊர்வலம் போனார்கள், அதற்காகத் திரட்டிய பணத்தில் மிஞ்சியதை ஊர் உணவு வங்கிக்குக் கொடுத்தார்கள்.

ஆனால் சாஷி பிரவுன் அந்த ஊர்வலத்துக்கு ஒரு மாதம் முன்பே நீக்கப்பட்டிருந்தார். அவர் சேர்த்துவைத்ததை அறுவடை செய்தவர் ஜான் டார்சி. 2018-ல் முதல் தேர்வில் குவாட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு. 2017 விற்பனைக்கு ஈடாக ஹூஸ்டனிடமிருந்து வந்த 4-ஆவதில் டென்செல் வார்டு. ஆஸ்வைலர் கூலியாக வந்த 35-ஆவதில் நிக் சப். 2017-ன் முதல் தேர்வு மைல்ஸ் கேரட் ஏற்கெனவே இருந்தார். இந்த நால்வரைச் சுற்றித்தான் 2020-ல் அணி 11 வெற்றி பெற்று, பிளேஆஃபில் பிட்ஸ்பர்க் மண்ணிலேயே 48-37 என்று வென்றது. அதற்குள் டார்சியும் போய், ஆண்ட்ரூ பெர்ரி பொது மேலாளராகவும் கெவின் ஸ்டெஃபான்ஸ்கி பயிற்சியாளராகவும் வந்திருந்தார்கள். முதல்முறையாக நிர்வாகம் நிலைத்து நின்றது.

நிலைத்த நிர்வாகமும் ஒரே கையெழுத்தில் கவிழலாம் என்பது 2022 மார்ச்சில் தெரிந்தது. எந்த வாட்சனை எடுக்காமல் தேர்வை விற்றார்களோ, அதே வாட்சனுக்காக ஹூஸ்டனுக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளையும் மேலும் மூன்று தேர்வுகளையும் கொடுத்தார்கள். பாலியல் அத்துமீறல் புகாரில் 20-க்கும் மேற்பட்ட பெண்கள் தொடுத்த உரிமையியல் வழக்குகள் அப்போது அவர்மேல் நிலுவையில் இருந்தன. அவர் மறுத்தார், குற்றவியல் வழக்கு தொடரப்படவில்லை. அப்படியிருந்தும் ஐந்து ஆண்டு, 23 கோடி டாலர், முழுவதும் உத்தரவாதம். ஒப்பந்தத்தின் அமைப்பிலேயே ரசிகர்களைக் கொதிக்கவைத்த ஒரு விவரம் உண்டு: முதலாண்டு அடிப்படைச் சம்பளம் 10.35 லட்சம் டாலர் மட்டுமே, மீதி போனஸ். இடைநீக்கத்தில் வெட்டப்படுவது அடிப்படைச் சம்பளம்தான். 11 ஆட்ட இடைநீக்கம் வந்தபோது அவர் இழந்த சம்பளம் 6,32,500 டாலர். 50 லட்சம் அபராதம் தனி. மூன்று சீசனில் அவர் ஆடியது 19 ஆட்டம். 2025 முழுக்கக் காயத்தில் போனது. அந்த ஆண்டு உரிமையாளரே இது தவறிய அடி என்று ஒப்புக்கொண்டார்.

மறுபக்கம் ஹூஸ்டன், கிளீவ்லாந்து கொடுத்த 12-ஆவது தேர்வையும் வைத்துப் பேரம் பேசி 2023-ல் 3-க்கு ஏறி வில் ஆண்டர்சனை எடுத்தது. 2024 ஜனவரி பிளேஆஃபில் அதே ஹூஸ்டன் பிரவுன்ஸை 45-14 என்று நொறுக்கியது. வெளியே அனுப்பப்பட்ட மேஃபீல்டு டாம்பா பே அணியில் பிரிவுப் பட்டம் வென்றுகொண்டிருந்தார்.

வீரரை நீக்கிவிட்டால் தீராதா என்றால், சம்பள உச்சவரம்பு விடாது. ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம், 2025-ல் 27.92 கோடி டாலர். போனஸ் தொகையை மட்டும் ஐந்து ஆண்டு வரை பரப்பிக் கணக்குக் காட்டலாம். 2025-ல் வாட்சன் ஒருவரின் கணக்கு 7.29 கோடி. எனவே அவருடைய 4.6 கோடி சம்பளத்தில் குறைந்தபட்ச ஊதியம் போக மீதியைப் போனஸ் என்று பெயர் மாற்றி, பின்வரும் ஆண்டுகளுக்குப் பரப்பினார்கள். அந்த ஆண்டின் கணக்கு 3.7 கோடி அளவுக்கு இறங்கியது. பணம் மிச்சமாகவில்லை, கணக்கு தள்ளிப்போனது, அவ்வளவுதான். வீரர் அணியைவிட்டுப் போன பிறகும் கணக்கில் ஏறும் இத்தகைய தொகைக்குச் செத்த பணம் என்றே பெயர்.

ரசிகர் கோபம் ஏன் எதையும் அசைப்பதில்லை என்பதற்கும் காரணம் பணம்தான். ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடம் பிடித்த அணி கீழ் லீக்குக்கு இறங்கும், வருமானம் சரியும். இங்கே இறக்கம் கிடையாது. 2021-ல் கையெழுத்தான 11 ஆண்டுத் தொலைக்காட்சி ஒப்பந்தங்களின் மதிப்பு 10,000 கோடி டாலருக்கு மேல். 32 அணிகளுக்கும் சம பங்கு. மூன்று வெற்றி பெற்றவருக்கும் அதே காசோலை. பிரவுன்ஸ் மூன்று வெற்றி, பதினான்கு தோல்வி என்று முடித்த சீசனுக்கு அடுத்த கோடையில்தான் ஒஹையோ மாநில பட்ஜெட் அணியின் புதிய மைதானத்துக்கு 60 கோடி டாலர் ஒதுக்கியது. ஒரு முறை அணியே ஊரைவிட்டுப் போன அனுபவம் இருப்பதால், நாற்காலிகளைக் காலியாக விட்டு எதிர்ப்புக் காட்டவும் கிளீவ்லாந்துக்காரருக்குத் தயக்கம்.

எனவே அடுத்த டிராஃப்ட்டில் "அவனை ஏன் விட்டீர்கள்" என்று திட்டுவதைவிட, மேலே ஏற எத்தனை தேர்வு கொடுத்தார்கள், எடுத்த ஆளைப் பயிற்சியாளர் கேட்டாரா, அந்தப் பயிற்சியாளர் இரண்டாண்டு கழித்தும் இருப்பாரா என்று பார்ப்பது பயன் தரும். அந்த அளவுகோலில் 2025-ஐ வைத்தால் இரண்டும் கலந்து தெரிகிறது. 2-ஆவது தேர்வை ஜாக்சன்வில்லுக்கு விட்டு 5, 36, மறு ஆண்டின் முதல் சுற்று என்று வாங்கியது கணக்குப்படி சரி. அதில் ஜாக்சன்வில் எடுத்த டிராவிஸ் ஹண்டரை விட்டுக்கொடுத்த வருத்தம் ரசிகர்களுக்கு இருந்தாலும், 5-ஆவதில் மேசன் கிரஹாமும் 36-ஆவதில் குவின்ஷான் ஜட்கின்ஸும் கிடைத்தார்கள். ஆனால் அதே டிராஃப்ட்டில் 94-ஆவதாக டில்லன் கேப்ரியல், 144-ஆவதாக ஷெடூர் சாண்டர்ஸ் என்று இரண்டு குவாட்டர்பேக்குகளை எடுத்தார்கள், இரண்டாமவருக்காக 166, 192 இரண்டையும் சியாட்டிலுக்குக் கொடுத்து ஏறியும் போனார்கள். பயிற்சியில் தொடக்க ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் ஆட்ட வாய்ப்புகள் குறிப்பிட்ட எண்ணிக்கைதான். இருவருக்கும் பகிர்ந்தால் இருவருமே அரைகுறையாகத்தான் தயாராவார்கள். ஜெர்சியில் மேலும் இரண்டு பெயர் ஏறிய அந்த சீசன் ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி என்று முடிந்தது.